ஆபரேஷன் தியேட்டரில் பயிற்சி சர்ஜனை மதிப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி சர்ஜன்களை மதிப்பிடும் வேலையில் இருக்கும் யாரிடம் பேசினாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. சீனியர்களும் அதையே கேட்கிறார்கள், ட்ரெய்னிகளும் அதையே கேட்கிறார்கள். என் காதில் திரும்பத் திரும்ப விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த ஃபார்ம் என்பதைவிட, எத்தனை பேர், எத்தனை கேஸில், எவ்வளவு சீக்கிரம் எழுதினார்கள் என்பதுதான் ஒரு மதிப்பீட்டை நம்பலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

தியேட்டர்ல ஒரு ட்ரெய்னியை மதிப்பிடறதுன்னா, சரியா எதைப் பார்க்கறது?

இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இன்றைக்கு இந்தக் கேஸை எப்படிச் செய்தார் என்பது ஒன்று. இதே மாதிரி கேஸை நாளைக்கு அவரை நம்பி விடலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரே ஒரு முறை கூட நின்று பார்த்தாலே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது ஓர் ஊகம், அதற்குப் பல கேஸ்கள் வேண்டும். முதல் கேள்வியின் பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்குப் போடுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990ல் மருத்துவத் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: விஷயம் தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்து காட்டுகிறார், அன்றாட வேலையில் செய்கிறார். எழுத்துத் தேர்வும் வைவாவும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடும். சிமுலேட்டர் மூன்றாவது படியைக் காட்டும். நான்காவது படி தெரிவது தியேட்டரில்தான், அதனால்தான் அங்கே எடுக்கும் மதிப்பீட்டுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

இருபது வருஷமா ஆபரேஷன் பண்றேன். ஒருத்தர் கையைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். அப்புறம் எதுக்கு ஃபார்ம்?

தெரிந்துவிடும் என்பது பெரும்பாலும் உண்மை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடல்பருமனுக்கான அறுவை சிகிச்சை செய்யும் 20 சர்ஜன்கள் ஆளுக்கொரு வீடியோ கொடுத்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாமல், அதே துறை சர்ஜன்கள் பார்த்து ஐந்துக்கு மார்க் போட்டார்கள். சராசரி மார்க் 2.6 முதல் 4.8 வரை பரவியிருந்தது. கைத்திறனில் கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. முதல் கால்பங்கில் இருந்தவர்களுக்கு அது 5.2 சதவீதம்தான். 2013ல் வெளியான இந்த ஆய்வு, அனுபவமுள்ள கண் பார்ப்பதில் நிஜமாகவே விஷயம் இருக்கிறது என்பதைக் காட்டியது.

ஆனால் அங்கே ஒவ்வொரு வீடியோவையும் குறைந்தது பத்துப் பேர் பார்த்தார்கள். பத்துக் கண்களின் சராசரிக்குத்தான் அந்த பலம். உங்கள் ஒரு கண் தனியாக அவ்வளவு தாங்காது, அது உங்கள் குறையும் இல்லை. நீங்கள் பார்த்ததை இன்னொருவர் பார்த்ததோடு சேர்க்கும் வடிவத்தில் எழுதி வைப்பதற்குத்தான் ஃபார்ம்.

லாக்புக்குல கேஸ் எண்ணிக்கை இருக்கே, அது போதாதா?

ட்ரெய்னி தான் பங்கெடுத்த கேஸ்களைக் குறித்து வைக்கும் ஏடுதான் லாக்புக். அதில் உள்ள எண்ணிக்கை வாய்ப்பைக் காட்டும், திறமையைக் காட்டாது. ஐம்பது கேஸில் கேமரா பிடித்தவரும் ஐம்பது கேஸைத் தோலைக் கீறுவதிலிருந்து தைத்து மூடுவதுவரை தானே செய்தவரும் லாக்புக்கில் ஒரே மாதிரித் தெரியலாம். அதோடு, ஒருவர் பதினைந்தாவது கேஸில் எட்டும் இடத்தை இன்னொருவர் நாற்பதாவதில் எட்டுவார். லாக்புக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எந்தெந்தக் கேஸுக்கு மதிப்பீடு இல்லை என்று கண்டுபிடிக்க அது ரொம்ப உதவும். அதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

நம்பகத்தன்மை, செல்லுபடித்தன்மைன்னு ரெண்டு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இதே ட்ரெய்னியை வேறு சீனியர் பார்த்திருந்தாலும், வேறு நாள் பார்த்திருந்தாலும், கிட்டத்தட்ட இதே மார்க்தான் வந்திருக்குமா என்பது நம்பகத்தன்மை. அந்த மார்க்கை வைத்து நாம் எடுக்கப்போகும் முடிவு நியாயமா என்பது செல்லுபடித்தன்மை. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது. முதலாவது மட்டும் இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. ஒரு யூனிட்டில் எல்லோரும் வேகமாகச் செய்பவருக்கே உயர்ந்த மார்க் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க் அழகாக ஒத்துப்போகும். ஆனால் அது அளப்பது வேகத்தை, பாதுகாப்பை அல்ல.

சரி, எந்த ஃபார்ம் நல்லது? ஒண்ணைச் சொல்லுங்க, அதையே போட்டுடறோம்.

பரவலாகப் புழங்கும் சிலவற்றைச் சொல்கிறேன். ஓசாட்ஸ், டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 1997ல் வெளிவந்தது. திசுவை எவ்வளவு மென்மையாகக் கையாள்கிறார், வீண் அசைவு இருக்கிறதா, கருவிகளைப் பிடிக்கும் விதம், உதவியாளரைப் பயன்படுத்தும் விதம் என்று ஏழு அம்சங்களுக்கு ஐந்து புள்ளி அளவுகோல். அது முதலில், தியேட்டருக்கு வெளியே மேஜையில் மாதிரிகளில் செய்து காட்டும் தேர்வுக்காகச் செய்யப்பட்டது, பிறகுதான் தியேட்டருக்குள் வந்தது. லேப்பராஸ்கோபிக்கு, அதாவது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் அறுவைக்கு, மெக்கில் பல்கலைக்கழகத்தின் கோல்ஸ், 2005ல் வந்தது. ஆழத்தை உணர்வது, இரு கைகளையும் சேர்த்து இயக்குவது உட்பட அதில் ஐந்தே அம்சங்கள்.

இன்னொரு வகை, ட்ரெய்னியை எந்த அளவுக்கு நம்பி விட முடிந்தது என்று கேட்கும். ஜோசப் ஸ்விஷென்பெர்கர் என்ற சர்ஜனின் பெயரில் வழங்கும் ஸ்விஷ் அளவுகோலுக்கு நான்கே படிகள். ஒட்டாவாவில் உருவாகி 2012ல் வெளியான ஓ-ஸ்கோரில் ஐந்து படிகள். தினசரித் தியேட்டருக்கு இந்த இரண்டாவது வகையைத்தான் நான் சொல்வேன், காரணம் இரண்டு கேள்வி தள்ளி வருகிறது. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு வருஷாவருஷம் மாற்றாதீர்கள். பழகிய சுமாரான ஃபார்ம், பழகாத அருமையான ஃபார்மைவிட மேல்.

படிப்படியா டிக் போடற பட்டியல்தானே துல்லியம்? மொத்தமா ஒரு மார்க் போடறது வெறும் அபிப்பிராயம் ஆயிடாதா?

பலருக்கும் இப்படித்தான் தோன்றும். டொராண்டோ குழுவினரே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நிபுணர்கள் போட்ட மொத்த மதிப்பீடு, டிக் பட்டியலுக்குக் கொஞ்சமும் இளைக்கவில்லை. அனுபவசாலியையும் புதியவரையும் பிரித்துக் காட்டுவதில் அதுவே முந்தி நின்றது.

யோசித்தால் காரணம் பிடிபடும். டிக் பட்டியல் ‘செய்தாரா, இல்லையா’ என்று மட்டும் கேட்கிறது. நாளத்துக்குக் கிளிப் போட்டாரா? போட்டார். டிக். ஆனால் நாலு முறை தடுமாறிப் போட்டாரா, திசுவைக் கிழித்துக்கொண்டு போட்டாரா என்பது அந்த டிக்கில் தெரியாது. தேர்ந்த சர்ஜன் தேவையில்லாத படியைத் தாண்டிப் போவார், பட்டியலில் அவருக்கு ஒரு மார்க் குறையும். பட்டியல் வீண் என்று சொல்லவில்லை. முதல் வருட ட்ரெய்னிக்கு எந்தப் படி விட்டுப்போனது என்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்லது கிடையாது.

‘சராசரி’, ‘நன்று’ன்னு போடறதுக்கும் ‘நான் எவ்வளவு உதவினேன்’னு போடறதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

நிறைய. ‘சராசரி’ என்றால் யாருடைய சராசரி? ஒரு சீனியர் இந்த வருட பேட்ச்சோடு ஒப்பிடுவார், இன்னொருவர் தன்னோடு ஒப்பிடுவார், மூன்றாமவர் தன் காலத்து ட்ரெய்னிகளோடு ஒப்பிடுவார். ‘எவ்வளவு உதவினேன்’ என்பது அன்றைக்கு நிஜமாக நடந்த ஒன்று. ஓ-ஸ்கோரின் ஐந்து படிகள் சர்ஜன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது போலவே இருக்கும்: நானே செய்ய வேண்டியிருந்தது, ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்ய வைத்தேன், அவ்வப்போது எடுத்துக்கொடுத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று அறையில் இருந்தேன், நான் தேவையே படவில்லை.

ஒரு லேப்பராஸ்கோபி பித்தப்பைக் கேஸை எடுத்துக்கொள்வோம். ட்ரெய்னியின் இடது கை பித்தப்பையின் கழுத்துப் பக்கத்தைப் பிடித்திருக்கிறது. அதை வெளிப்பக்கமாக இழுத்தால்தான், பித்தப்பையின் நாளமும் ரத்தக்குழாயும் இருக்கும் காலோ முக்கோணம் என்ற இடம் விரியும். அவர் மேல்நோக்கித் தூக்குகிறார், நாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று மடிகின்றன. நீங்கள் “கொஞ்சம் வெளிப்பக்கம்” என்கிறீர்கள். உடனே சரிசெய்துகொண்டு, முன்பக்கமும் பின்பக்கமும் சவ்வைத் திறந்து, கொழுப்பை ஒதுக்கி, கல்லீரலிலிருந்து பித்தப்பையின் அடிப்பகுதியை விடுவித்து, பித்தப்பைக்குள் போவது இரண்டே அமைப்புகள்தான் என்று காட்டி நிறுத்துகிறார். அது மூன்றாவது படி. அதே இடத்தில் “இப்போ இங்கே பிடி, இப்போ இழு, இப்போ கொக்கியைத் திருப்பு” என்று நீங்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டாவது படி. கருவியை வாங்கி நீங்களே பிரித்தீர்கள் என்றால் முதல் படி. அவரே தவறை உணர்ந்து, நீங்கள் வாயைத் திறக்குமுன் பிடியை மாற்றியிருந்தால் நான்காவது. இதில் அகராதி பார்க்க ஒன்றுமில்லை. கேஸ் முடிந்ததும் இரண்டு சீனியர்களைத் தனித்தனியாகக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே படியைச் சொல்வார்கள்.

இந்த அளவுகோலில் ஒரு கண்ணி உண்டு. அது ட்ரெய்னியின் திறமையை மட்டும் அளப்பதில்லை, சீனியர் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. பொறுமை இல்லாத சீனியரிடம் யாரும் நான்காவது படியைத் தாண்ட மாட்டார்கள். அதனால்தான் அடுத்த கேள்விகள் முக்கியமாகின்றன.

ஒருத்தரைப் பத்தி நம்பிக்கையாச் சொல்ல எத்தனை மதிப்பீடு வேணும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, ஆனால் கணக்குப் போட வழி இருக்கிறது. உளவியலாளர்கள் சார்ல்ஸ் ஸ்பியர்மனும் வில்லியம் பிரவுனும் 1910ல் தனித்தனியே கண்டுசொன்ன சூத்திரம் அது. நம்பகத்தன்மையை 0 முதல் 1 வரை வைப்பது வழக்கம். தேர்ச்சி போன்ற பெரிய முடிவுகளுக்கு 0.8 வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. ஒரு தனி மதிப்பீட்டின் நம்பகத்தன்மை 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சேர்ந்தால் 0.68. பத்து சேர்ந்தால் 0.81. இருபது சேர்ந்தால் 0.9ஐத் தொடும். தனி மதிப்பீடே 0.5 தரமாக இருந்தால் நான்கே போதும், 0.8 வந்துவிடும்.

இதில் கவனிக்க இரண்டு. முதல் சில மதிப்பீடுகள்தான் பெரும் லாபம், இருபதுக்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் பெரிதாக எதுவும் ஏறாது. அப்புறம், இந்தக் கணக்கு ஒவ்வொரு வகை ஆபரேஷனுக்கும் தனித்தனி. பித்தப்பையில் பத்து நல்ல மதிப்பீடு வாங்கியவர் குடலிறக்கத்திலும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்போ ஒரே சீனியர் இருபது தடவை போட்டாலும் சரிதானே?

சரி இல்லை. மேலே சொன்ன கணக்கு, மதிப்பீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே சீனியர் கறாரானவர் என்றால் அந்தக் கறார் இருபதிலும் இருக்கும், கூட்டி வகுத்தால் கரையாது. முதல் கேஸில் பதிந்த எண்ணம் இருபதாவது கேஸ் வரை கூடவே வரும். நான்கு சீனியர்கள் ஆளுக்கு ஐந்து போட்டால், எண்ணிக்கை அதே இருபதுதான், ஆனால் ஒருவரின் கறாரை இன்னொருவரின் தாராளம் ஈடுகட்டும். எதையாவது கூட்ட வேண்டுமென்றால் முதலில் ஆட்களைக் கூட்டுங்கள், பிறகு கேஸ்களை. ஃபார்மில் கேள்விகளைக் கூட்டுவது கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நாற்பது கேள்வி ஃபார்ம் அப்படித்தான் பிறக்கிறது.

கேஸ் முடிஞ்ச அன்னிக்கே போட்டாகணுமா? மாசக் கடைசியில சேர்த்துப் போட்டா என்ன?

மாதக் கடைசியில் உங்கள் நினைவில் இருப்பது அந்த ஆளைப் பற்றிய பொதுவான எண்ணம்தான், அந்தக் கேஸ் அல்ல. எல்லா அம்சங்களுக்கும் நான்கு, நான்கு, நான்கு என்று ஒரே மார்க் விழுவது இதனால்தான். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவர் செய்தது எல்லாமே நமக்கு நன்றாகத்தான் தோன்றும்.

அமெரிக்காவில் ஸ்விஷ் அளவுகோலை வைத்து உருவான சிம்பிள் என்ற செயலி, கேஸ் முடிந்து 72 மணி நேரத்துக்குள் போடாவிட்டால் அந்த மதிப்பீட்டை மூடிவிடும். கறாராகத் தோன்றலாம், ஆனால் சரியான முடிவு. என் யோசனை இன்னும் குறுகியது: கையுறை கழற்றி நோட்ஸ் எழுதும் நேரத்திலேயே செல்போனில் மூன்று முறை தட்டி மார்க், ஒரே ஒரு வாக்கியம் குரலில். ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுக்கும் எதுவும் பிஸியான தியேட்டரில் நிலைக்காது.

கேஸ் கஷ்டமா அமைஞ்சா மார்க் குறையுமே. அது நியாயமா?

மார்க்கை மட்டும் பார்த்தால் நியாயம் இல்லை. அதனால் கேஸின் கடினத்தையும் பக்கத்திலேயே பதிய வேண்டும். சிம்பிளில் இதற்கு மூன்றே தேர்வுகள்: இந்த வகைக் கேஸ்களில் எளிதான மூன்றில் ஒரு பங்கு, நடுத்தரம், கடினமான மூன்றில் ஒரு பங்கு. இதைவிட நுணுக்கம் தேவையில்லை. வீங்கி இறுகிய பித்தப்பையில் மூன்றாவது படி வாங்கியவர், பலூன் போல மெல்லிய பித்தப்பையில் ஐந்து வாங்கியவரைவிட ஒரு படி முன்னால் இருக்கலாம். கடினத்தைக் கேஸ் முடிந்த பிறகு சீனியர்தான் குறிக்க வேண்டும், ட்ரெய்னி அல்ல. திணறியவருக்கு எல்லாக் கேஸும் கடினமாகவே தெரியும்.

சீனியர் பாதியில கேஸை வாங்கிட்டார். எனக்கு ஃபெயில்தானா?

இதை ட்ரெய்னிகள் கேட்கும்போது குரலில் பயம் தெரியும், அதனால் தெளிவாகவே சொல்கிறேன். இல்லை. ஏன் வாங்கினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரத்தக்கசிவு வந்து நோயாளியின் நலனுக்காக வாங்கியிருக்கலாம். அடுத்த கேஸ் காத்திருக்கிறது என்று நேரத்துக்காக வாங்கியிருக்கலாம். ஒட்டுதல்கள் எந்த ட்ரெய்னியாலும் பிரிக்க முடியாத அளவுக்கு இருந்திருக்கலாம். அல்லது நீங்கள் திசு அடுக்குகளுக்கு இடையே தப்பான தளத்தில் போய்க்கொண்டிருந்திருக்கலாம். கடைசிக் காரணம் மட்டுமே உங்களைப் பற்றியது.

ஃபார்மில் ‘ஏன் வாங்கினேன்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். அப்புறம், கேஸை மொத்தமாக ஒரே படியில் அடைக்காமல் பகுதி பகுதியாகக் குறிக்கலாம்: போர்ட் (கருவிகள் நுழையும் குழாய்) போட்டது நான்கு, பிரித்தெடுத்தது இரண்டு, வெளியே எடுத்து மூடியது ஐந்து. ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். முடியாத இடத்தில் தானே நிறுத்தி “நீங்கள் பாருங்கள்” என்று சொல்பவரை நான் உயர்வாகவே மதிப்பேன். அந்த நிதானம் கைத்திறனுக்குக் குறைந்தது இல்லை.

எங்க யூனிட்ல எல்லாருக்கும் நாலு, இல்லன்னா அஞ்சு. இதுல என்னத்தைப் பார்க்கறது?

உலகம் முழுக்க இதே கதைதான். குறைந்த மார்க் போட்டால் விளக்கம் சொல்ல வேண்டும், முகம் பார்த்துப் பேச வேண்டும், நாளைக்கு அதே ஆளோடு கேஸ் செய்ய வேண்டும். யார்தான் போடுவார்கள்? சீனியர்களைத் திட்டிப் பயனில்லை, அமைப்பை மாற்ற வேண்டும். தினசரி மதிப்பீடு எதுவும் தனியாக ஒருவரைத் தோற்கடிக்காது என்று எழுதி அறிவியுங்கள். முதல் வருடத்தில் இரண்டும் மூன்றும்தான் எதிர்பார்க்கப்படும் மார்க் என்று ட்ரெய்னிகளிடமே சொல்லுங்கள். ஆறு மாதமே ஆனவருக்கு ‘நான் தேவையே படவில்லை’ என்று வந்தால் அதைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சீனியரின் வழக்கமான சராசரியைக் கணக்கில் எடுத்து மார்க்கைச் சரிசெய்யும் புள்ளியியல் முறைகளும் உண்டு. நல்லவைதான், ஆனால் ஒவ்வொரு ட்ரெய்னியும் பல சீனியர்களிடம் மாறிமாறிப் போயிருந்தால்தான் வேலை செய்யும். ஒருவரிடமே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த மார்க் சீனியருடைய தாராளமா, ட்ரெய்னியுடைய திறமையா என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது.

மதிப்பிடறவங்களுக்கே பயிற்சி வேணும்னு சொல்றாங்களே, அது தேவையா?

தேவை, ஆனால் நாள் முழுக்க உட்கார வைத்துப் பேசும் பயிற்சி அல்ல. மூன்று வீடியோத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று மோசம், ஒன்று நடுத்தரம், ஒன்று நன்று. எல்லோரும் தனித்தனியாக மார்க் போடட்டும், பிறகு ஒரே நேரத்தில் காட்டட்டும். இரண்டு போட்டவரும் நான்கு போட்டவரும் ஏன் என்று பேசும் அந்தப் பத்து நிமிஷம்தான் பயிற்சி. ஒருவர் தையலைப் பார்த்திருப்பார், இன்னொருவர் கேமராவில் தெரியாத இடத்தில் ஊசி போனதைப் பார்த்திருப்பார். வருடத்துக்கு ஒரு முறையாவது திரும்பச் செய்யுங்கள், பழகிய கண் மெல்ல மெல்ல தன் பழைய இடத்துக்கே போய்விடும்.

வீடியோ இருக்கும்போது கூட நின்னு பார்க்கறவரோட மதிப்பீடு எதுக்கு?

வீடியோவின் பெரிய பலம், செய்வது யார் என்று தெரியாமல் மதிப்பிடலாம் என்பது. நிற்பவருக்கு அது முடியாது. ஆனால் லேப்பராஸ்கோபி கேமராவில் தெரிவது கருவி முனைகள் மட்டுமே. கருவியைப் பிடித்திருப்பது யார் கை? “இங்கே வெட்டாதே” என்று யார் சொன்னது? கேஸ் கைமாறிய நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால் சீனியரின் கைவேலைக்கு ட்ரெய்னியின் பெயரில் மார்க் போட்டுவிடுவீர்கள். திறந்த அறுவையிலோ தலையும் கையும் மறைத்து, நல்ல படம் கிடைப்பதே கஷ்டம். தினசரிக்கு நிற்பவர், பெரிய முடிவுக்கு வீடியோ சில, இரண்டும் சேர்ந்தால் நல்லது.

கையில சென்சார் மாட்டறது, ஏஐ மார்க் போடறது எல்லாம் வந்தாச்சே. இனி மனுஷங்க எதுக்கு?

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கையின் பின்புறம் மின்காந்த சென்சார் ஒட்டி, அசைவுகளின் எண்ணிக்கை, கை பயணித்த தூரம், எடுத்த நேரம் ஆகியவற்றை அளந்தார்கள். அனுபவசாலிக்கு அசைவு குறைவு, அது நன்றாகவே தெரிந்தது. கணினி வீடியோவைப் படித்துக் கருவியின் பாதையைத் தொடர்வது அதன் அடுத்த கட்டம். 2014 வாக்கில் மருத்துவம் படிக்காத பொதுமக்கள் பலரை இணையத்தில் வைத்து வீடியோக்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். அவர்களின் சராசரிகூட நிபுணர்களின் மார்க்கோடு ஒத்துப்போனது. கை அசைவின் நயத்தை அளக்க நிபுணர் கட்டாயமில்லை என்றே இதை வாசிக்கிறேன்.

ஆனால் தப்பான நாளத்தை மிக நயமாக வெட்டுபவரையும் சென்சார் பாராட்டும். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது திட்டத்தை மாற்ற வேண்டும் என்பதை அந்தத் துறையில் ஊறியவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

கை நல்லா இருக்கு, ஆனா தியேட்டர்ல யார்கிட்டயும் பேச மாட்டார். இதை எங்கே எழுதறது?

இதற்கென்றே நாட்ஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ரோனா ஃப்ளின், ஸ்டீவன் யூல் போன்ற உளவியலாளர்கள் சர்ஜன்களோடு சேர்ந்து உருவாக்கியது. சுற்றி நடப்பதைக் கவனிப்பது, முடிவெடுப்பது, குழுவோடு பேசி வேலை செய்வது, தலைமை ஏற்பது என்று நான்கு பிரிவுகள். இதைப் போட சர்ஜன் மட்டும் போதாது. மயக்க மருத்துவரும் கருவி எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும் பார்ப்பது சீனியர் கண்ணில் படவே படாது. கைத்திறனோடு கலந்து ஒரே மார்க்காக ஆக்காதீர்கள், தனியாகவே இருக்கட்டும்.

பெண் ட்ரெய்னிகளுக்கு மார்க் குறையுதுன்னு சொல்றாங்க. நிஜமா?

அமெரிக்காவில் மார்பு அறுவைப் பயிற்சியில் ஸ்விஷ் அளவுகோலை வைத்து 2017ல் வந்த ஓர் ஆய்வில், பெண்களுக்குத் தியேட்டரில் கிடைத்த சுதந்திரம் ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. முன்னால் சொன்ன கண்ணி இதுதான். சீனியர் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அது ட்ரெய்னியின் திறமைக் குறைவாகப் பதிவாகிவிடும், அதை வைத்து அடுத்த கேஸிலும் விடமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை யூனிட் முழுக்க மார்க்குகளைப் பிரித்துப் பாருங்கள். ஒரே வருடத்து, ஒரே கடினத்துக் கேஸ்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் படி வித்தியாசம் தெரிந்தால், முதலில் யார் யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று சீனியர்களைக் கேளுங்கள்.

ட்ரெய்னி நல்லாப் போன கேஸுக்கு மட்டும் ஃபார்ம் அனுப்பறாரு. என்ன பண்றது?

எந்தக் கேஸ் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் இருந்தால் யாரும் இதைத்தான் செய்வார்கள். உரிமையை எடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட கிழமைகளில் நடக்கும் எல்லாக் கேஸும் மதிப்பீட்டுக்கு என்று வைக்கலாம், அல்லது கேஸ் முடிந்ததும் செயலியே இருவரையும் கேட்கலாம். லாக்புக் இங்கேதான் கைகொடுக்கும். நாற்பது கேஸ் செய்தவருக்கு ஆறே மதிப்பீடு, ஆறும் ஐந்து என்றால், மீதி முப்பத்து நான்கைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரே கேஸுக்கு ஒருத்தர் ரெண்டு, இன்னொருத்தர் நாலு போட்டிருக்காங்க. மூணுன்னு வச்சுக்கலாமா?

கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முன் இருவரும் எழுதிய வாக்கியத்தைப் படியுங்கள். “திசு பிடிப்பது முரட்டுத்தனம்” என்று ஒருவரும், “சிக்கலில் பதறவில்லை” என்று இன்னொருவரும் எழுதியிருந்தால் இருவரும் சரி, ஆளுக்கொன்றைப் பார்த்திருக்கிறார்கள். வாக்கியமே இல்லாமல் மார்க் மட்டும் இருந்தால் அந்த முரண்பாட்டிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ‘நன்று, தொடர்க’ என்று எழுதுவதை நான் வாக்கியமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இதை வச்சு ஒருத்தரைத் தேர்ச்சி இல்லைன்னு நிறுத்தலாமா?

ஒரு மதிப்பீட்டை வைத்து, கூடவே கூடாது. ஒரு சீனியரின் தொடர் மதிப்பீட்டை வைத்தும் கூடாது. எண்ணிக்கைக் கேள்வியில் சொன்ன அளவுக்கு, பல சீனியர்களிடமிருந்து, பல கடினத்தில் சேர்ந்திருந்தால், ஒரு குழு உட்கார்ந்து பார்க்கலாம். அந்தக் குழு சராசரியை மட்டும் பார்க்காமல் போக்கைப் பார்க்க வேண்டும். ஆறு மாதமாக இரண்டிலேயே நிற்பவரும், ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏறியவரும் சராசரியில் ஒன்றாகத் தெரிவார்கள்.

நெதர்லாந்தின் மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஒல்லே டென் கேட் 2005ல் முன்வைத்த யோசனை இந்த இடத்தில் உதவும்: ‘இந்த வேலையை, இந்த அளவு மேற்பார்வையில், இவரிடம் ஒப்படைக்கலாமா’ என்று முடிவை வேலை வேலையாகப் பிரித்துக் கேட்பது. அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியம் 2023ல் பொது அறுவைப் பயிற்சிக்கு இப்படி 18 வேலைகளை வகுத்தது. ‘தேர்ச்சி இல்லை’ என்ற ஒரே தீர்ப்புக்குப் பதில், குடலிறக்கத்தில் தனியாக விடலாம், பித்தப்பையில் இன்னும் கூட நிற்க வேண்டும் என்று சொல்ல முடிகிறது. நிறுத்தும் நிலை வந்தால் அது அந்த ட்ரெய்னிக்கு அன்றைக்குத்தான் தெரியவரக் கூடாது. மாதங்களுக்கு முன்பே வாக்கியங்களில் வந்திருக்க வேண்டும்.

எங்க யூனிட்ல சீனியர்களே மூணு பேர்தான். இதெல்லாம் எங்களுக்கு நடக்குமா?

நடக்கும். மூன்று பேரும் ஒவ்வொரு ட்ரெய்னியோடும் மாறிமாறிக் கேஸ் செய்யும்படி பட்டியல் போடுங்கள், அதுவே பாதி வேலை. ஒரே அளவுகோல், நாலைந்து கேள்விகள், ஒரு வாக்கியம், அன்றைக்கே. மூன்று பேரும் வீடியோத் துண்டுகளை வைத்து ஒரு மதியம் உட்காருங்கள். நாலாவது கண்ணுக்கு வேறு ஊர் யூனிட் ஒன்றோடு பேசி, நோயாளியின் ஒப்புதலோடு அடையாளங்கள் எல்லாம் நீக்கி, ஒவ்வொரு ட்ரெய்னியின் வீடியோ இரண்டு மூன்றை மாற்றிக்கொள்ளுங்கள். வெட்டித் தொகுக்காமல் முழுதாக அனுப்புங்கள், கேஸ் கைமாறிய நேரத்தைக் குறித்து அனுப்புங்கள், அதில் ஒன்றாவது கஷ்டமான கேஸாக இருக்கட்டும்.